சிகாகோ வரை முறை வைத்துத் தூங்கினோம்

நெடுந்தூர விமானத்தில் வசதியாகப் போய்ச் சேருவது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க ராயபுரத்தில் பதினோரு பேர் முன்வந்தார்கள். அதில் ஒன்பது பேர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பத்தாவது ஆள், சாத்தாங்காட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் மச்சான். சிங்கப்பூருக்கு ஒரே ஒரு முறை போய், காது அடைத்துக்கொண்டு திரும்பி வந்தவர். பதினோராவது என் மகள் சுகன்யா. அவள் ஒருத்திதான் விஷயம் தெரிந்து பேசினாள். அவள் சொன்னதை மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

சுகன்யா ஐந்து வருடமாக சிகாகோவில் இருக்கிறாள். வேதியியலில் ஆராய்ச்சி. இந்த மே மாதம் டாக்டர் பட்டம். "நைனா, ஸ்டேஜ்ல என் பேரக் கூப்புடறப்போ நீயும் அம்மாவும் எதுருல குந்தி பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்று போனில் சொல்லிவிட்டாள். உட்காருவதற்கு டிக்கெட் எடுத்தால் போதும். பார்ப்பதற்கு விழித்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது பத்து நாள் லீவு. துறைமுகத்தில் கப்பல் நெரிசல் என்று அதையும் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். ஆகவே போய் இறங்கிய மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கே விழா.

"மூணு நாள்ல ஜெட் லாக் போவாது மாமு" என்றான் என்னோடு வேலை செய்யும் டில்லி. அவன் கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதில்லை. "உடம்பு இன்னாது? கன்டெய்னரு. அது ஜல்தியா போயி எறங்கிடும். தூக்கம் இன்னாது? அதோட பேப்பரு. கஸ்டம்ஸ்ல மாட்டிகினு ஆடி அசைஞ்சு வரும். பேப்பரு வர்ற வரைக்கும் நீ யார்டுல சும்மா குந்திகினு இருக்க வேண்டியதுதான்." அதற்குப் பிறகு இணையத்தில் எத்தனையோ மருத்துவர்களின் விளக்கத்தைப் பார்த்துவிட்டேன். டில்லி சொன்னதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சுகன்யா ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். கால் வீங்காமல் இருக்க இறுக்கமான காலுறை. கழுத்துக்குத் தலையணை. கண்ணுக்குத் திரை. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மணிக்கு ஒரு நடை. கடைசியாக முக்கியமான ஒன்று: விமானம் ஏறியதும் கடிகாரத்தை சிகாகோ நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும்; அங்கே இருட்டினால் இரண்டு பேரும் தூங்க வேண்டும், விடிந்தால் இரண்டு பேரும் விழிக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒண்ணா தூங்கினா பையை எவன் பாக்குறது?" என்று கேட்டாள் என் மனைவி கஸ்தூரி. நியாயமான கேள்விதான் என்று எனக்கும் பட்டது.

எங்கள் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் எண்ணூரில் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் கிரேனை ஓட்டுகிறவன். பதினைந்து மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கேபினில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டே வேலை. ஒரு ஷிஃப்டுக்கு ஒரு கிரேனில் இரண்டு பேர். நாலு மணி நேரம் ஒருவர், நாலு மணி நேரம் மற்றவர். மாற்றுகிறவர் மேலே ஏறி வந்து "நான் பாத்துக்குறேன், நீ போ" என்று சொன்ன பிறகுதான் இருக்கையை விட்டு எழ வேண்டும். அந்த வார்த்தை வந்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். நின்று சரிபார்த்தால் அது அவரை அவமானப்படுத்துவது.

கஸ்தூரி காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கொருக்குப்பேட்டையில் தெருத் தெருவாக விற்கிறவள். ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தால் விடியலுக்கு முன் இரண்டு மணிக்கு எழுந்துவிடுவாள். முப்பது வருடமாக இதுதான். எனக்கோ மூன்று ஷிஃப்ட். ஆகவே வீட்டையும் கிரேன் மாதிரியே ஓட்டினோம். ஒருத்தர் வந்து "நான் பாத்துக்குறேன்" என்று சொன்னால்தான் இன்னொருத்தர் கண்ணை மூடுவோம். தண்ணீர் லாரிக்கும் அப்படித்தான், சுகன்யாவுக்கும் அப்படித்தான். இந்த ஏற்பாட்டில் இதுவரை ஒரு கன்டெய்னரும் விழவில்லை, ஒரு குடம் தண்ணீரும் தவறவில்லை. விமானத்துக்கு மட்டும் வேறு சட்டமா?

எங்கள் பக்கத்திலிருந்து மீனம்பாக்கம் போவதே பாதி வெளிநாட்டுப் பயணம். வழியெல்லாம் டிரெய்லர் வரிசை. விமான நிலையத்தில் காலுறை மாட்டும் படலம் தொடங்கியது. கஸ்தூரியின் மெட்டி காலுறைக்குள் போக மறுத்தது. மெட்டியைக் கழற்று என்றேன். "நீ இன்னாயா, உசுரோட குந்திகினு மெட்டியக் கழட்டச் சொல்ற?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் கத்தரிக்கோல் கேட்டுப் பார்த்தாள். விமான நிலையத்தில் யாரிடம் கத்தரிக்கோல் இருக்கும். கடைசியில் பல்லால் கடித்துக் காலுறையின் முன்பக்கத்தைக் கிழித்து, விரல்களை வெளியே விட்டாள். ரத்த ஓட்டம் சீராக இருக்கும் என்று காலுறை அட்டையில் போட்டிருந்தது. பத்து விரலும் சிவந்து போனதைப் பார்த்தபோது ரத்தம் அங்கே ஓடி வந்து நின்றுவிட்டது என்று தெரிந்தது.

கழுத்துத் தலையணையும் எனக்கு உதவவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் தூக்கத்தில் தலை பக்கவாட்டில் சாயுமாம். இருபத்தேழு வருடம் குனிந்து பார்த்த என் தலை முன்னால்தான் விழுகிறது. தலையணையைத் திருப்பித் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டேன். பணிப்பெண் என்னைப் பார்த்து, கழுத்தில் அடிபட்டிருக்கிறதா, சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டாள்.

மற்றபடி விமான இருக்கையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. முட்டி இடிக்கிறது, முதுகு சாயவில்லை என்று சுற்றிலும் புலம்பல். எனக்கோ காலுக்குக் கீழே கெட்டியான தரை, காற்றில் ஆடாத நாற்காலி, நேரத்துக்குச் சாப்பாடு. என் கேபினில் இது எதுவும் கிடையாது. மீனா கோழியா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

"இன்னா மீனுன்னு கேளு" என்றாள் கஸ்தூரி.

கேட்டேன். வெள்ளை மீன் என்று பதில் வந்தது.

"நான் கலரா கேட்டேன்?" என்றாள். ஆனாலும் ஒன்று வாங்கி, மூடியைப் பிரித்து, ஒருமுறை மோந்து பார்த்தாள். "இது செத்து ஒரு வருசம் ஆயிருக்கும். பாவம்" என்று மூடி வைத்துவிட்டுக் கோழியைச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் முறை தொடங்கியது. இரண்டு மணி நேரம் அவள், இரண்டு மணி நேரம் நான். முறை மாற்ற வேண்டுமானால் கட்டை விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். நடுவில் ஒரு பாலைவன ஊரில் இறங்கி விமானம் மாறினோம். அங்கே கண்ணாடி மாளிகை மாதிரி நிலையம்; தங்கம் விற்கிறார்கள், கார் விற்கிறார்கள், உட்கார நாற்காலிதான் இல்லை. தரையில் நான் தூங்க, கஸ்தூரி காவல். அந்த நேரம் பார்த்து எங்கள் விமானம் வேறு வாசலுக்கு மாறிவிட்டது. அறிவிப்பு அவளுக்குப் புரியவில்லை. ஆனால் எதிரே தரையில் உட்கார்ந்திருந்த மஞ்சள் சட்டைக்காரர் பையைத் தூக்கியதைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் இரண்டு குடும்பம் எழுந்ததையும் பார்த்தாள். "யோவ் எழுந்திரு, கும்பல் கலையுது" என்று விரலை இழுத்தாள். ஏலத்தில் கும்பல் நகர்வதை வைத்தே நல்ல படகு எங்கே வருகிறது என்று சொல்லிவிடுகிறவள். அன்றைக்கு விமானத்தை விடாமல் பிடித்தது அவள் முறையில்தான்.

இரண்டாவது விமானத்தில் ஜன்னலோரம் ஒரு பெங்களூர் இளைஞர். தூக்கத்துக்கான சாமான்கள் ஒரு கடைக்கு இருக்கும் அளவுக்கு வைத்திருந்தார். கண்ணுக்குப் பட்டுத் திரை, காதுக்கு மெழுகு, நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை, மழை பெய்யும் சத்தம் கொடுக்கும் செயலி. இவ்வளவையும் போட்டுக்கொண்டு பதினாலு மணி நேரமும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். இறங்குவதற்கு முன்னால் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "அங்கிள், நீங்கள் கண்ணை மூடியதும் தூங்கிவிடுகிறீர்களே, என்ன மாத்திரை?"

"இவங்க முழிச்சிட்டு இருக்காங்களே, அதனால" என்றேன். அவர் கஸ்தூரியைப் பார்த்தார். கிழித்த காலுறையும் மடியில் பையுமாக அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முதல் நாள். சிகாகோவில் இறங்கியபோது காலை பத்து மணி. சென்னையில் ராத்திரி எட்டரை, அதாவது கஸ்தூரி படுக்கும் நேரம். குடியேற்ற வரிசையில் நின்றபடியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். உங்கள் மனைவிக்கு உடம்பு சரியில்லையா என்று அதிகாரி கேட்டார். இல்லை, இப்போது அவள் தூங்குகிற முறை என்றேன். அவர் எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

இருட்டும் வரை யாரும் தூங்கக் கூடாது என்பது சுகன்யாவின் உத்தரவு. சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் கஸ்தூரி சோபாவில் சாய்ந்துவிட்டாள். காபி, முகத்தில் தண்ணீர், நாத்தனாரைப் பற்றிய பேச்சு, எதற்கும் அசையவில்லை. மத்தியானம் சரியாக மூன்றரை மணிக்குத் தானே எழுந்தாள். குளித்தாள், கொண்டை போட்டாள், வாசலில் போய் நின்றாள். "மீனுக்கு ஐஸ் வந்துச்சா?" என்று கேட்டாள். சென்னையில் அப்போது இரண்டு மணி. நானும் சுகன்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்கியது. விழா காலை பத்து மணிக்கு.

என் கதை வேறு மாதிரி. எனக்கு எந்த ஊர் நேரமும் ஒட்டவில்லை. உட்கார்ந்தால் தூக்கம், படுத்தால் முழிப்பு. ஷிஃப்ட் பார்த்தவனுக்கு ஜெட் லாக் வராது என்று நான் யூனியன் அறையில் பேசிய பேச்சையெல்லாம் அங்கே படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் நாள். சுகன்யா தன் அங்கியை வாங்கப் போக, வெயில் பட்டால் உடம்பு நேரம் சரியாகும் என்று எங்களைப் பஸ் ஏற்றி ஏரிக்கு அனுப்பினாள். நாலாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். இந்த ஊரில் வயதானவர்கள் ஏறுவதற்கு பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்து குனிந்து கொடுக்கிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நிற்பதற்கே யோசிக்கும் பஸ்களைப் பார்த்தவர்கள் நாங்கள். கஸ்தூரி படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினாள், உட்கார்ந்தாள், ஒன்பதே முக்காலுக்குத் தூங்கிவிட்டாள். நாலாவது நிறுத்தத்தில் விரலை இழுத்தேன். ஐந்திலும் இழுத்தேன். கடைசியில் ஓட்டுநர் அம்மா எழுந்து வந்து, "ஐயா, இதற்கு மேல் சாலை கிடையாது, இறங்குங்கள்" என்றார். அதே பஸ்ஸில் திரும்பினோம். ஏரியை ஜன்னல் வழியாக நான் மட்டும் பார்த்தேன். கடல் மாதிரிதான் இருக்கிறது. கரையில் ஒரு படகு, ஒரு வலை, ஒரு சண்டை கிடையாது.

அன்றைக்கு நாலு மணிக்குப் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். அது கஸ்தூரியின் விடிகாலை. கண்ணில் அப்படி ஒரு தெளிவு. மீன் பகுதியில் எல்லாம் துண்டு போட்டு பிளாஸ்டிக்கில் சுற்றி அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"தலை எங்கடி?"

"இங்க தலைய வெட்டிட்டுதாம்மா விப்பாங்க" என்றாள் சுகன்யா.

"கண்ணு இல்ல, செவுளு இல்ல. மூஞ்சியே பாக்காம எப்புடி நம்பி வாங்குறாங்க? கல்யாணம் பண்ற மாதிரில்ல கீது" என்றாள். அந்த ஊர்க்காரர் ஒருவர் அவள் மோந்து பார்ப்பதைக் கவனித்து, தன் கையில் இருந்த பொட்டலத்தையும் மெல்ல நீட்டினார். கஸ்தூரி மோந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர் அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள். விளையாட்டு மைதானம் மாதிரி ஒரு அரங்கம். ஆயிரக்கணக்கான பேர். டாக்டர் பட்டம் வாங்குகிறவர்களை மற்ற எல்லோருக்கும் பிறகுதான் கூப்பிடுவார்கள், பதினொன்றரை ஆகும் என்று சொல்லிவிட்டு சுகன்யா அங்கியோடு உள்ளே போனாள். போகும்போது, "அம்மாவப் பாத்துக்கோ நைனா" என்றாள். கஸ்தூரி கிளிப்பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மேடையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுத்தது. எங்கள் பக்கத்தில் ஊதா நிறத் தொப்பி வைத்த ஒரு கறுப்பின அம்மா. பேரன் பட்டம் வாங்குகிறானாம். ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறார். உங்கள் பெண் யார் என்று கேட்டார். நிகழ்ச்சிப் புத்தகத்தில் பெயரைக் காட்டினேன். இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டார்.

பத்தேகால் மணிக்கே கஸ்தூரியின் கண் செருகியது. கன்னத்தில் தட்டினேன். "அரை மணி குடுயா. அப்பறம் நீ தூங்கு. பேரு கூப்புடும்போது ரெண்டு பேரும் முழிச்சிக்கலாம்" என்றாள். அரை மணிக்கு முக்கால் மணி கொடுத்தேன். மேடையில் வரிசை வரிசையாகப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனார்கள். கன்டெய்னர் எண்களை மைக்கில் படிப்பார்களே, அதே தாளம். எனக்கு அது தாலாட்டு. பதினொரு மணிக்கு என்னால் முடியவில்லை. கஸ்தூரியின் விரலை இழுத்தேன்.

"நான் பாத்துக்குறேன், நீ தூங்கு" என்றாள்.

தெளிவாகத்தான் சொன்னாள். கண்ணைத் திறந்தாளா என்று நான் பார்க்கவில்லை. அந்த வார்த்தை வந்த பிறகு பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த கழுத்துத் தலையணையைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டேன், தலை முன்னால் விழுந்தது.

யாரோ தோளை உலுக்கினார்கள். தொப்பி அம்மா. அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி என் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "உங்கள் பெண் வந்துபோய்விட்டாள். உங்களை எழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. உங்களுக்கும் சேர்த்து நானே கத்திவிட்டேன்" என்றார் அந்த அம்மா. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

பாதி உலகத்தைத் தாண்டி வந்தது அந்த ஒரு நிமிடத்துக்காக. கஸ்தூரியை எழுப்பிச் சொன்னேன்.

"நீதான பாத்துக்குறேன்னு சொன்ன?"

"நான் எங்கயா சொன்னேன்? எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவள் பொய் சொல்லவில்லை. தூக்கத்தில் சொல்லியிருக்கிறாள். எத்தனை வருடமாகச் சொல்லும் வார்த்தை, தூக்கத்துக்குக்கூடப் பாடமாகியிருக்கிறது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தோம்னு சொல்லிடலாம். கொயந்த மனசு ஒடஞ்சிடும்" என்றாள். நானும் சரி என்றேன். இடது பக்கமாக ஏறினாள், கை கொடுத்தார்கள், சிரித்தாள் என்று தொப்பி அம்மாவிடம் கேட்டு இருவரும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

வெளியே புல்வெளியில் சுகன்யா அங்கியோடு ஓடி வந்தாள்.

"கண்ணாரப் பாத்தோம்டி. லெப்ட் சைடுல ஏறுன, கை குடுத்தாங்கோ" என்று தொடங்கினாள் கஸ்தூரி.

சுகன்யா போனை எடுத்துக் காட்டினாள். தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுத்த படம். கிளிப்பச்சைப் புடவை, தாடைக்குக் கீழே தலையணை, ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து இரண்டு பேரும் தூங்குகிறோம். மேடையேறும் வரிசையில் நின்றபடி எடுத்திருக்கிறாள்.

கஸ்தூரி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "போனு கையிலதான வெச்சிகினு இருந்த? ஒரு ரிங்கு வுட்டிருந்தா எழுந்திருப்போமேடி" என்றாள்.

"அடிக்கத்தாம்மா எடுத்தேன். நைனா நம்பர் வரைக்கும் போயிட்டேன்" என்றாள் சுகன்யா. "பொறந்ததுலேர்ந்து நான் எப்போ கண்ணு முழிச்சாலும் உங்கள்ல ஒருத்தர் முழிச்சிகினு இருப்பீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா தூங்கி நான் பாத்ததே இல்ல. எழுப்ப மனசு வரல. நானே போயி வாங்கினு வந்துட்டேன்."

நான் அழுதேன். அத்தனை பேர் நடுவில், கழுத்துத் தலையணையோடு, வெட்கமில்லாமல் அழுதேன். கஸ்தூரி மட்டும் படத்தை இன்னும் பெரிதாக்கி, வாய் இவ்வளவு தூரம் திறந்திருக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டாள்.

அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு ராயபுரம் வீட்டில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் பட்டம் வாங்கின பெண் இதில் எங்கே என்று கேட்கிறார்கள். எடுத்ததே அவள்தான் என்று கஸ்தூரி சொல்கிறாள்.